ஜெனோவா தூங்கிய கடல்

எழுபத்து நான்கு நாள் தனியாளாகத் துடுப்பு வலித்துவிட்டு, எழுபத்தைந்தாம் நாள் காலை எட்டரை மணிக்குச் சாட்டிலைட் போனை எடுத்து "போதும், இனி என்னால முடியாது, வந்து ஏத்திக்கோங்க" என்று சொன்ன மணப்பாட்டு ஜெனோவாவை, ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கோதுமை கொண்டுபோன செயிண்ட் லிடியா என்ற கப்பல் அன்று பிற்பகலில் வந்து ஏற்றிக்கொண்டது; அவள் குளித்து, கஞ்சி குடித்து, படுத்துத் தூங்கியதும் கடலும் தூங்கிவிட்டது.

அந்தக் கப்பலின் சமையல்காரர் காயல்பட்டினத்து மகுதூம். ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தேழு வருஷத்தைக் கப்பல் அடுப்படிகளில் கழித்தவர். ஆடுகிற தரையில் நின்று வெங்காயம் அரிந்தே பழகிப்போய், விடுமுறையில் வீட்டுக்குப் போனால் அசையாத தரையில் தள்ளாடி நடக்கிறவர். கப்பலில் இருந்த இருபத்தொரு பேரில் அவர் ஒருவருக்குத்தான் தமிழ் தெரியும் என்பதால், கோவாக்காரரான கேப்டன் மெனெசிஸ் அவரை மேலே கூப்பிட்டனுப்பி, "வருவது உங்கள் ஊர்ப் பெண்ணாம், பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுங்கள்" என்று சொல்ல, பிசைந்துகொண்டிருந்த மாவுக் கையோடு மகுதூம் ஓடினார்.

அலை இரண்டு ஆள் உயரத்துக்கு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. கயிற்றேணியில் கால் வைக்க அவள் மூன்று தடவை முயன்றாள். இரண்டரை மாதம் உட்கார்ந்தே இருந்த கால் நிற்க மறுத்தது. கடைசியில் பிலிப்பைன்ஸ்காரன் ரோமெல், மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவன், வலையை இறக்கிக் கண்ணாடிச் சாமானைத் தூக்குவதுபோல் அவளைத் தூக்கி எடுத்தான். அவளுடைய படகைத் தூக்க வழியில்லை. சுக்கான் முறிந்து, குடிநீர் எந்திரம் செத்து, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்த அந்தப் படகின் கயிற்றை அறுத்து விட்டபோது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தளத்தில் கால் பட்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சிருங்க. உங்க வழிய மாத்தி வர வச்சிட்டேன்" என்பதுதான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார் மகுதூம். "நான் காயல்பட்டணம்."

உப்பில் வெடித்த உதட்டைக் கஷ்டப்பட்டுப் பிரித்து, "அப்ப நீங்க எனக்குக் காக்கா," என்றாள். காயல்பட்டினத்தார் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது ஒரு மணி நேர பஸ் தூரத்தில் பிறந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவ்வளவு களைப்பிலும் அந்தச் சொல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தாளே என்று மகுதூமுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

கப்பலில் வேறு பெண் கிடையாது. கேப்டனின் சட்டை ஒன்றையும் தான் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றையும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, அவள் குளித்து முடிக்கும்வரை மகுதூம் நடைவழியில் காவல் நின்றார். பிறகு தேங்காய்ப்பாலும் வெந்தயமும் பூண்டும் போட்டு, நோன்பு மாதத்தில் செய்கிற கஞ்சியைச் செய்து கொண்டுபோனார். அவளுடைய உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியதால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, அவரே ஊட்டினார்.

"ஆப்பிரிக்காவுக்கு ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர்தான் பாக்கி காக்கா," என்றாள். "ஆஸ்திரேலியால இருந்து ஆறாயிரம் வலிச்சவளுக்கு ஆயிரத்தெண்ணூறு முடியல. ஊர்ல பந்தல் போடுறதா இருந்தாங்க. நான் நீச்சல் சொல்லிக் குடுக்கிற பிள்ளைங்க எல்லாம் தினம் மேப்புல கோடு போட்டுட்டு இருந்துச்சு. நாளைக்கு அந்தக் கோட்ட எங்க கொண்டு போய் நிறுத்தும்?"

"முதல்ல தூங்கும்மா. கோடு எங்கயும் ஓடிப் போகாது."

"ஒன்றரை மணிக்கூறுக்கு மேல சேந்தாப்ல தூங்கி எழுபத்தஞ்சு நாளாச்சு. தூங்கினா அலை கவுத்திரும்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு. அலாரம் அடிச்சா எழுப்பி விடுங்க, என்ன..."

அந்த "என்ன"வை முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். அவள் மணிக்கட்டிலிருந்த கடிகாரத்தை மகுதூம் மெதுவாகக் கழற்றி அலாரத்தை அணைத்தார். அப்போதுதான் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். இருபத்தேழு வருஷமாக அவர் பார்த்த எந்தக் கிண்ணத்திலும் கஞ்சி இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் இறங்கும். இந்தக் கிண்ணத்தில் அது மட்டமாக நின்றது.

வட்டக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கடல் படுத்திருந்தது. அலை இல்லை, நுரை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் நீலம் விரித்த பாய் போலக் கிடந்து, ரொம்ப மெதுவாக, ஒரு ஆள் மூச்சு விடுகிற கணக்கில், ஏறி ஏறி இறங்கியது. மகுதூம் திரும்பி ஜெனோவாவின் போர்வையைப் பார்த்தார். அதுவும் அதே கணக்கில்தான் ஏறி இறங்கியது. "யா அல்லா," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, இன்றைக்குக் குழம்பைச் சட்டி விளிம்புவரை வைக்கலாமே என்ற நினைப்போடு அடுப்படிக்குப் போனார்.

கப்பலில் இருந்தவர்களுக்கு விஷயம் மறுநாள் புரிந்தது. அவள் படுத்திருந்த அறைக்கு நேர் மேலே ரோமெல் ஒரு பெரிய ஸ்பேனரைக் கை தவறிக் கீழே போட்டான். அறையில் ஜெனோவா முனகிக்கொண்டு புரண்டு படுத்தாள். வெளியே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரே ஒரு பெரிய அலை எழுந்து, கப்பலுக்கு அடியில் உருண்டு, அந்தப் பக்கம் போய் அடங்கியது. கடலும் புரண்டு படுத்ததை மேல்தளத்தில் நின்ற பதினோரு பேரும் பார்த்தார்கள். ரோமெல் குனிந்து ஸ்பேனரைக் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து, தன் தலைத்துண்டை அவிழ்த்து அதைச் சுற்றி வைத்தான்.

அன்றிலிருந்து அந்தக் கப்பலில் யாரும் பூட்ஸ் போடவில்லை. துருச் சுரண்டுகிற வேலை நின்றது. கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார்கள். எந்திர அறையில் வேகத்தைக் குறைத்து, உறுமலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தாய்ப் பூனையின் சத்தத்துக்குக் கொண்டுவந்தார்கள். கப்பல் ஊதுகிற பொத்தானுக்கு மேல் கேப்டன் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து ஒட்டினார். வெடிக்கும் என்று மகுதூம் கடுகு தாளிப்பதை நிறுத்தினார்; கடுகு இல்லாத குழம்பை இருபத்தொரு பேரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள். தினசரிக் குறிப்பேட்டில் கடலின் நிலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேப்டன் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, "தூக்கம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனிதன் எதற்கும் பழகிக்கொள்கிறவன்தானே. மூன்றாம் நாளுக்குள் எல்லோரும் அந்தக் கடலில் குடித்தனம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தளும்பத் தளும்ப டீ ஊற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் இறங்கி உட்கார்ந்து, தண்ணீரில் முகம் பார்த்துச் சவரம் செய்தார்கள். பறந்து களைத்த பறவைகள் வந்து நீர்மேல் இறங்கி, முற்றத்தில் நடப்பதுபோல் நடந்தன. அந்த அமைதி கப்பலைச் சுற்றி இரண்டு மைல் வட்டத்துக்கு இருந்தது. அதற்கு அப்பால் அலைகள் வழக்கம்போல் எழும்பி வந்து, நோயாளி வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட கும்பல்போலச் சட்டென்று குரலடக்கி நின்றுவிடுவதைப் பார்க்க, வேலை முடிந்தவர்கள் தொலைநோக்கியோடு வரிசையில் நின்றார்கள்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை மகுதூம் கஞ்சியோடு அறைக்குப் போவார். "ஜெனோவா, வாயத் திறம்மா," என்றால் கண்ணைத் திறக்காமலே வாயைத் திறப்பாள். தட்டுத் தடுமாறி எழுந்து குளியலறைக்குப் போய் வருவதும் கண்ணை மூடியபடிதான். அந்தப் பத்து நிமிஷமும் கடலில் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும். அவள் படுத்தால் மறையும்.

விஷயம் வெளியே பரவாமல் இருக்குமா? நான்காம் நாள் பாய்மரம் முறிந்த சின்னப் படகு ஒன்று, பிரான்ஸ் நாட்டுக் கணவனும் மனைவியுமாக, வட்டத்துக்குள் ஒதுங்கி, "நாங்களும் கூடவே வரலாமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு ரேடியோவில் கேட்டது. ஐந்தாம் நாள், சூரை மீன் தேடி வெகுதூரம் வந்து என்ஜின் கோளாறான இலங்கைப் படகு ஒன்று, ஐந்து பேரோடு சேர்ந்துகொண்டது. ஆறாம் நாள் ஐயாயிரம் செம்மறியாடுகளோடு ஒரு கப்பல் வந்தது. அதன் கேப்டன், "எங்கள் ஆடுகள் ஒரு மாதிரியாகக் கத்துமே," என்று ரொம்பத் தயங்கினார். ஆனால் வட்டத்துக்குள் நுழைந்ததும் ஐயாயிரம் ஆடுகளும் காதை ஆட்டிக்கொண்டு நின்றனவே தவிர ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. எல்லோரையும் எண்ணிப் பார்த்தால், ஜெனோவாவோடு நாற்பத்தேழு பேர்.

எட்டாம் நாள் காலை மெனெசிஸ் மகுதூமைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மேசைமேல் வரைபடம் விரிந்திருந்தது. அதில் அவர்களுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் நடுவில், காலம் தவறிப் பிறந்த ஒரு புயல் சுருண்டு கிடந்தது.

"சுற்றிப் போகலாமே," என்றார் மகுதூம்.

"நாம் போகலாம். பாய்மரம் போனவர்களும் மீன்காரர்களும் எப்படிப் போவார்கள்? அவர்களிடம் அவ்வளவு எண்ணெய் இல்லை, நாம் கொடுக்கிறது அந்த என்ஜின்களுக்கு ஒத்துவராது. கட்டி இழுத்தாலும் இந்த வட்டம் கலைந்தால் கயிறு நிற்காது." கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதரில்லை. எட்டு நாளாக அவர் தூங்கவே இல்லை. "அந்தப் பெண் இன்று காலை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாளாமே?"

"ஆமா. எழும்பப் போறா. தூங்கின வரைக்கும் அவளுக்குப் போதும்னு தோணுது."

"இன்னும் இரண்டு நாள் தூங்கினால் புயலைக் குறுக்காகக் கடந்துவிடலாம்." மருந்துப் பெட்டியிலிருந்து மூன்று மாத்திரைகளை எடுத்து மகுதூமின் உள்ளங்கையில் வைத்தார். "கஞ்சியில் கரைத்துவிடுங்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது. நாற்பத்தேழு பேர், மகுதூம்."

மகுதூம் மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கஞ்சி வைத்தார். அன்றைக்குப் பூண்டு கருகிவிட்டது. கப்பலில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பூண்டைக் கருக விட்டதில்லை. கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். நாற்பத்தேழு பேர், நாற்பத்தேழு பேர் என்று கரண்டி சட்டியில் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த ஆடுகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லையே என்றும் நினைத்தார்.

அறைக்குப் போய், "ஜெனோவா, வாயத் திறம்மா," என்றார். கண்ணை மூடியபடி அவள் திறந்தாள். என்ன கொடுக்கப் போகிறாய் என்று கேட்காத வாய். எட்டு நாளாக அந்த வாயில் அவர் கஞ்சியைத் தவிர வேறெதையும் வைத்ததில்லை. காக்கா என்று கூப்பிட்ட வாய். மகுதூம் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நான் இப்போது செய்யப்போகிற காரியத்தால் நாற்பத்தேழு உசுரும் போனாலும் போகும் என்று தெரிந்தேதான் அவள் தோளைத் தொட்டு உலுக்கினார்.

"எந்திரிம்மா. எந்திரிச்சு உக்காரு. ஒங்கிட்டக் கேக்காம ஒரு காரியம் செய்யச் சொல்லுதாங்க, எனக்கு அது முடியல."

அவள் கண்ணைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் கப்பல் லேசாகச் சாய்ந்தது. மகுதூம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை, மாத்திரைகளையும் எடுத்துக் காட்டினார்.

ஜெனோவா போர்வையை விலக்கினாள். "எட்டு நாளா தூங்குதேனா?"

"ஆமாம்மா."

"எட்டு நாளா ஒருத்தரும் எழுப்பல?"

"மூச்சுக்கூட சத்தமா விடலம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது வெளியே சின்னச் சின்ன அலைகள் ஓடிவந்து கப்பலின் விலாவில் தட்டின. எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாய்மரம் இல்லாத படகையும், மீன்படகையும், ஆட்டுக் கப்பலையும் பார்த்தாள். அவற்றுக்கு அப்பால் மேற்கு வானம் முழுக்கக் கருத்து நின்றதையும் பார்த்தாள்.

"இவங்கல்லாம் யாரு காக்கா?"

"ஒம் பின்னால வர்றவங்க."

"நான் பாதியில விட்டவ. எம் பின்னால யாரு வருவா?"

"வந்துட்டாங்களே," என்றார் மகுதூம்.

அவள் போய்ப் படுத்தாள். நாற்பத்தேழு பேருக்காகத் தூங்கித்தான் பார்ப்போம் என்று கண்ணை இறுக மூடினாள். எட்டு நாள் தூங்கியவளுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள். கடலும் புரண்டது. தூக்கம் வராதவனின் எரிச்சல் முழுவதும் அதற்கும் வந்துவிட்டது. நாலு திசையிலிருந்தும் குறுக்கும் நெடுக்குமாக அலைகள் முட்டிக்கொண்டன. மேலே யாரோ கத்தினார்கள். எட்டு நாளில் அந்தக் கப்பலில் கேட்ட முதல் கத்தல் அது. பிரான்ஸ்காரர்களின் படகு ஒரு பக்கமாகப் படுத்து, பக்கவாட்டைக் காட்டி, மறுபடி நிமிர்ந்தது. வட்டத்துக்கு வெளியே காத்துக்கிடந்த அலைகள் வாசல் திறந்ததுபோல் உள்ளே வந்தன.

ஜெனோவா எழுந்து உட்கார்ந்தாள். "இது சரிப்படாது காக்கா. படுத்துக்கிட்டுப் பயப்படுறதுக்கு உக்காந்து வலிச்சிரலாம்."

சாரத்தை மடித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு படியேறினாள். மகுதூம் பின்னாலேயே போனார். மேல்தளத்தில் மெனெசிஸ் மழையில் நனைந்தபடி நின்றிருந்தார். மகுதூம் சட்டைப் பையிலிருந்து மூன்று மாத்திரைகளையும் எடுத்து அவர் கையில் திருப்பி வைத்தார். கேப்டன் அவற்றைப் பார்த்தார், ஜெனோவாவைப் பார்த்தார், விரல்களை மூடிக்கொண்டார்.

கோதுமை அறையின் பெரிய இரும்பு மூடிமேல், கப்பல் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, துடுப்பு வலிக்கிறவர்கள் உட்காருகிற மாதிரி அவள் உட்கார்ந்தாள். காலை நீட்டி ஓர் இரும்புப் புடைப்பில் ஊன்றிக்கொண்டாள். வெறும் கையை முன்னால் நீட்டி, காற்றைப் பிடித்து, இழுத்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. பத்துத் தடவை இழுத்ததும், கப்பலுக்கு மிக அருகில் முட்டிக்கொண்டிருந்த அலைகளில் ஒன்று தலையைத் திருப்பியது. அதைப் பார்த்து இன்னொன்று திரும்பியது. வகுப்புக்குள் வாத்தியார் வந்ததும் பிள்ளைகள் அவசரம் அவசரமாக வரிசைக்கு வருகிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கிழக்கே போய் நின்று, மேற்கே பார்த்து, அவள் கைக்குக் காத்திருந்தன. அவள் இழுத்தால் ஓர் அலை பின்னாலிருந்து வந்து நாலு கலங்களையும் தூக்கி முன்னால் வைத்தது. அவள் கையை நீட்டினால் அடங்கியது. அவள் நிறுத்தினால் மறுபடி சச்சரவு தொடங்கியது.

"வெறுங்கைல பிடிமானம் இல்ல காக்கா!" என்று கத்தினாள்.

மகுதூம் அடுப்படிக்கு ஓடினார். பெரிய தேக்சாவில் பிரியாணி கிளறுகிற ஆளுயர மரத் துடுப்புகள் இரண்டு இருந்தன. எத்தனையோ பெருநாளுக்குக் கிளறியவை. துடுப்பு என்றால் அவருக்கு இதுவரை அதுதான். கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதன் கனத்தைக் கையில் பார்த்து, "நல்லா இருக்கு," என்று தலையசைத்தாள்.

முதலில் ரோமெல்தான் போய் உட்கார்ந்தான், ஒரு நீளத் துடைப்பக் கட்டையோடு, அவள் முதுகுக்குப் பின்னால், அவளைப்போலவே மேற்குக்கு முதுகு காட்டி. பிறகு அவன் ஆட்கள் வந்தார்கள். குழாய்த் துண்டு, கொக்கிக் கம்பு, மடக்கிய ஏணி, கையில் கிடைத்தது எதுவோ அது. எந்திர அறையில் இரண்டு பேரையும் சுக்கானில் ஒருவரையும் விட்டுவிட்டு மீதி அத்தனை பேரும் இரும்பு மூடிமேல் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். மகுதூமுக்கு மூன்றாவது வரிசையில் இடது பக்கம் இடம் கிடைத்தது. கையில் மாவு உருட்டுகிற கட்டை. கேப்டன் மெனெசிஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார், கையில் குடை.

"வலி!" என்று ஜெனோவா கத்தினாள். இழுத்தார்கள். "விடு!" என்றாள். விட்டார்கள்.

"வலி என்றால் என்ன?" என்று முன்வரிசையிலிருந்து ரோமெல் திரும்பிக் கேட்டான்.

"இழு என்று அர்த்தம். நோவு என்றும் அர்த்தம்," என்றார் மகுதூம்.

"சரிதான்," என்றான் ரோமெல்.

மீன்படகில் ஐந்து பேரும் எழுந்து உட்கார்ந்து வலித்தார்கள். பிரான்ஸ்காரரும் மனைவியும் முறிந்த பாய்மரத்தின் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டுக் கப்பலில் தீவனம் அள்ளுகிற மண்வாரிகள் பதினெட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. "வலி" என்று அவர்கள் கத்தும்போது ஐயாயிரம் ஆடுகளும், இரண்டு நாளாக அடக்கிவைத்த தொண்டையைத் திறந்து, சேர்ந்து கத்தின.

அப்படித்தான் புயலுக்குள் போனார்கள். மழை கல்லைப்போல் விழுந்தது. காற்று கேப்டனின் குடையைப் பறித்தது. அவர் வெறுங்கையால் வலித்தார். புயலின் அலைகள் பனைமர உயரத்துக்கு எதிரே வரும், இந்த அலைகளின் வரிசையைப் பார்க்கும், ஒரு கணம் தயங்கும், பிறகு இரண்டாகப் பிளந்து வழிவிட்டுப் போகும். காலை பத்து மணிக்குத் தொடங்கியது. பதினோரு மணிக்கு ஜெனோவாவின் புதுத்தோல் கிழிந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் அழுதாள். அழுதுகொண்டே "வலி" என்றாள். ஒரு மணிக்கு அவள் கை ஒருமுறை ஓய்ந்து நின்றது. அந்த நொடியில் கடல் முழுவதும் ஓய்ந்து, அவளைத் திரும்பிப் பார்த்து நின்றது. புயலும் பார்த்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து மகுதூம் கத்தினார்: "எழுபத்தினாலு நாள் ஒண்டியா வலிச்ச! இப்ப நாங்க இருக்கோம் தாயே! நீ கணக்க மட்டும் சொல்லு!"

அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது. பிறகு, தொண்டை கிழிய, "வலி!" என்றாள், நாற்பத்தாறு குரல் "வலி!" என்று திருப்பிச் சொன்னது. பிலிப்பைன்ஸ்காரனும் பிரான்ஸ்காரியும் சிங்களவனும் கோவாக்காரரும் ஒரே தமிழ்ச் சொல்லை அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கடல்மேல் போட்டார்கள். அலை வந்தது. தூக்கியது. முன்னால் வைத்தது.

மாலை ஐந்து மணிக்கு மழை ஓர் இடத்தில் கோடு கிழித்தாற்போல் முடிந்தது. அந்தக் கோட்டைத் தாண்டி அவர்கள் வெயிலுக்குள் வந்தார்கள். எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த ஜெனோவாவுக்குத் தாண்டி வந்த புயல் முழுவதும் தெரிந்தது. அவ்வளவு பெரிதா அது என்று அப்போதுதான் பார்த்தாள். துடுப்பு இரண்டையும் மடியில் கிடத்திக்கொண்டு அண்ணாந்து சிரித்தாள். சுற்றிலும் கடல், வெள்ளை நுரை தெறிக்க, குதித்துக் குதித்து ஆடியது.

அன்றிரவு அவள் எல்லோரையும்போல எட்டு மணி நேரம் தூங்கினாள். கடலும் அவ்வளவுதான் தூங்கியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் மேலே வந்தபோது யாரும் யாரையும் கூப்பிடவில்லை; எல்லோரும் ஏற்கெனவே அவரவர் இடத்தில் கம்பும் கட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். புயல் போய்விட்டது, என்ஜின் ஓடுகிறது, இனி வலிக்க வேண்டிய அவசியம் என்ன என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், வரிசைகளில் முதலில் கடைசி வரிசை திரும்பிப் பார்த்தது, பிறகு அதற்கு முன்வரிசை, பிறகு மகுதூம். மணலும், தென்னையும், வெள்ளைக் கட்டடங்களும் தெரிந்தன.

"திரும்பிப் பாரு ஜெனோவா," என்றார்.

"பாக்குதேன் காக்கா. இன்னும் கொஞ்சம் இருக்குல்ல?" என்றவள், கயிற்றை எறிந்து கட்டுகிறவரை திரும்பவில்லை. துறைச் சுவரில் கப்பல் மெதுவாக உரசிய பிறகுதான் திரும்பினாள். திரும்பி, நெடுநேரம் பார்த்தாள்.

துறைமுகத்தில், மின்விசிறிக்கு அடியில், வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் வந்திறங்குகிறவர்களின் படிவங்களை வாங்கிக்கொண்டிருந்தார். "எதில் வந்தீர்கள்?" என்ற கட்டத்தில் ஜெனோவா "கப்பல்" என்று எழுதிக் கொடுக்கப் போனாள். பின்னால் நின்ற மெனெசிஸ் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அதற்குமேல் "துடுப்பு" என்று எழுதி, கேப்டன் என்று கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி படித்துப் பார்த்தார். "எங்கிருந்து?"

"ஆஸ்திரேலியாவிலிருந்து," என்றாள் ஜெனோவா.

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே ஐயாயிரம் ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கடல் துறைச் சுவரோரம் வந்து தலையைத் தூக்கித் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "நல்ல தூரம்," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். "அடுத்தவர்."

மகுதூம் முன்னால் வந்தார். இருபத்தேழு வருஷமாக எத்தனையோ துறைமுகங்களில் இந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். ஒரு தடவைகூட யாரும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்றைக்கு இந்த மனிதர் பார்த்தார்.

"நீங்கள்?"

"நானும் துடுப்பிலதான் வந்தேன் சார்," என்றார் மகுதூம். "மூணாவது வரிசை, இடது பக்கம்."